பாலிஷ் போடும் முன்பே வாங்குங்கள்: காரைக்குடியில் பழைய அலமாரியும் பெட்டகமும் தேர்ந்தெடுக்க

பழைய மரச்சாமான் வாங்கப் போகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்: கடை வாசலில் பளபளவென்று நிற்பதைப் பார்த்து மயங்காதீர்கள். பின்கட்டிலும் கிட்டங்கியிலும் தூசி படிந்து கிடப்பதைக் காட்டச் சொல்லுங்கள். புதிதாகப் பாலிஷ் ஏறிய அலமாரியில் பூச்சி அரித்த துளை தெரியாது, ஒட்டுப்போட்ட பலகை தெரியாது, மட்டமான மரமும் தேக்காகத் தெரியும். பாலிஷ் போடாத சாமான் எதையும் மறைக்காது. அதை வாங்கி, உங்கள் கண்ணெதிரே உங்கள் தச்சரைக் கொண்டு சீர்செய்துகொள்வதுதான் பணத்துக்கும் நல்லது, பொருளுக்கும் நல்லது.

இந்தக் கட்டுரை காரைக்குடியை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. புதுச்சேரியிலும் கொச்சியிலும் சென்னையின் ஏலக் கடைகளிலும் பழைய மரச்சாமான்கள் கிடைக்கின்றன. ஆனால் தமிழ்நாட்டில் ஒரே தெருவில் இத்தனை கடைகளைப் பார்க்க வேண்டுமென்றால் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குத்தான் போக வேண்டும். அதற்குக் காரணம் உண்டு. செட்டிநாட்டு வணிகரான நகரத்தார் பர்மாவில் வட்டித்தொழில் செய்து பொருள் ஈட்டிய காலத்தில் அங்கிருந்து தேக்கு கப்பல் கப்பலாக வந்து இறங்கியது. செட்டிநாட்டு வீடுகளில் திருமணமான ஒவ்வொரு மகனும் ஒரு தனிப் புள்ளி, அதாவது தனிக் குடும்பக் கணக்கு. வளவு என்னும் உள்முற்றத்தைச் சுற்றி அவனுக்கென்று அறை. மணப்பெண்ணோடு வந்த சீர்ச் சாமான்களை வைக்க ஒவ்வொரு புள்ளிக்கும் பெட்டியும் பெட்டகமும் அலமாரியும் தேவைப்பட்டன. 1942-இல் ஜப்பான் படை பர்மாவைப் பிடித்தது. தொழில் குலைந்து, குடும்பங்கள் பல ஊர்களுக்குப் பிரிந்து, பங்கு பிரிக்க முடியாத வீடுகள் இடிபடத் தொடங்கியபோது அந்தச் சாமான்கள் கடைத்தெருவுக்கு வந்தன. நாம் வாங்கும் ஒவ்வொன்றும் ஏதோ ஒரு வீட்டில் ஆண்டு அனுபவித்த பொருள். அந்த மரியாதையோடு பார்த்தால்தான் நல்லதைப் பொறுக்கவும் முடியும்.

முதல் வேலை வீட்டில்

கடைக்குப் போகும் முன் உங்கள் வீட்டை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். சாமான் நிற்கப்போகும் சுவரை அளந்தால் மட்டும் போதாது. தெருக்கதவின் அகலம், மாடிப்படி திரும்பும் இடம், லிப்ட்டின் உட்புற உயரமும் ஆழமும், அறையின் கூரை உயரம், மின்விசிறி தொங்கும் உயரம் எல்லாம் வேண்டும். செட்டிநாட்டு வீடுகளின் கூரை உயரம் அடுக்குமாடி வீட்டில் கிடையாது. எட்டடி உயரமும் இரண்டடி ஆழமும் உள்ள அலமாரியைப் படுக்க வைத்துக் கொண்டுவந்து நிமிர்த்தும்போது அதன் மூலைவிட்டம் சுமார் எட்டேகால் அடி வரும். கூரை ஒன்பதரை அடி என்றால் நிமிர்த்திவிடலாம், ஆனால் நடுவில் உத்தரமோ பரணோ இருந்தால் சிக்கிக்கொள்ளும்.

அடுத்து, என்ன வைக்கப்போகிறீர்கள் என்பதை முடிவு செய்யுங்கள். ஹேங்கரில் சட்டை தொங்கவிட உள்ஆழம் 22 அங்குலமாவது வேண்டும். மடித்த துணிக்கும் ஏட்டுக்கும் பாத்திரத்துக்கும் செய்த பழைய அலமாரிகள் பல 15, 18 அங்குலத்தோடு நின்றுவிடும். அவற்றில் புடவையை மடித்து அடுக்கலாம், புத்தகம் வைக்கலாம். கோட்டு தொங்கவிட முடியாது. ஆழம் போதவில்லை என்பதற்காகப் பின்பலகையை வெட்டி நீட்டச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். நூறாண்டு நின்ற ஒன்றை வெட்டுவதைவிட வேறொன்றைத் தேடலாம்.

எதற்கு எது

கண்ணாடிக் கதவு வைத்த அலமாரி புத்தகத்துக்கும் பீங்கானுக்கும் பொருத்தம். கம்பிவலை அடித்த அலமாரி ஒரு காலத்தில் பாலும் பலகாரமும் வைக்கச் செய்தது. எறும்பு ஏறாதிருக்க அதன் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துவார்கள்; அதனால் கால் அடி அழுகியிருக்க வாய்ப்பு அதிகம், குனிந்து பாருங்கள். காற்றோட்டம் உள்ள இந்த வகை இன்றைய சமையலறையில் வெங்காயம், உருளைக்கிழங்கு, ஊறுகாய் ஜாடிகள் வைக்க அருமையானது. விலையும் மற்றவற்றைவிடக் கட்டுப்படியாகும். முதல்முறையாகப் பழைய சாமான் வாங்குகிறவர்களுக்கு நான் பரிந்துரைப்பது இந்த வகையைத்தான்.

பெட்டகம் என்பது இரும்புப் பட்டையோ பித்தளைப் பட்டையோ அடித்த கனத்த பெட்டி. போர்வை, மெத்தை விரிப்பு, எப்போதாவது எடுக்கும் பாத்திரம் எல்லாம் அதில் போகும்; மேலே திண்டு போட்டு உட்காரவும் செய்யலாம். நெல் கொட்டி வைத்த பத்தாயம் அதைவிடப் பெரியது, சிறிய வீட்டுக்கு வேண்டாம். கணக்குப்பிள்ளை தரையில் சம்மணமிட்டு எழுதிய சரிவான மூடி வைத்த சிறு மேசை, கல்லாப்பெட்டி, நகைப்பெட்டி ஆகியவை கையில் தூக்கிப்போகலாம். பழைய கல்லாப்பெட்டிகளில் இரகசிய அறை வைத்திருப்பார்கள். வெளி உயரத்தையும் உள் ஆழத்தையும் அளந்து பாருங்கள். பலகைக் கனத்தைக் கழித்த பிறகும் கணக்கு இடித்தால் எங்கோ ஒரு அறை ஒளிந்திருக்கிறது.

கடையில்: பின்பக்கத்திலிருந்து தொடங்குங்கள்

காலையில் போங்கள். வெளிச்சம் இருக்கும்போது சாமானைச் சுவரிலிருந்து தள்ளி, முடிந்தால் வாசலுக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். முன்பக்கம் அழகுக்காகச் செய்தது, அது எப்போதும் நன்றாகத்தான் இருக்கும். உண்மை பின்பலகையிலும் அடிப்பலகையிலும் இருக்கிறது. பின்பலகை பிளைவுட் என்றால் மாற்றப்பட்டிருக்கிறது. அதனாலேயே ஒதுக்க வேண்டியதில்லை, ஆனால் விலையில் அது தெரிய வேண்டும்.

இழுப்பறை இருந்தால் உங்கள் வேலை எளிது. ஒன்றை முழுவதும் வெளியே இழுத்துக் கவிழ்த்து வையுங்கள். பக்கப்பலகையும் முகப்புப் பலகையும் சேரும் மூலையைப் பாருங்கள். புறாவால் வடிவில் வெட்டி ஒன்றுக்குள் ஒன்று கோத்திருந்தால், அந்த வெட்டுகள் ஒரே அளவில் இருக்கின்றனவா என்று கவனியுங்கள். கையால் வெட்டியது ஒன்றுக்கொன்று சிறிது மாறும். வெட்டுவதற்கு முன் தச்சர் கீறிய மெல்லிய கோடு பல இடங்களில் இன்னும் தெரியும். இழுப்பறை ஓடும் அடிவிளிம்பைத் தடவுங்கள். பல்லாண்டு இழுத்து மூடியதில் விளிம்பு தேய்ந்து, பலகை ஒரு பக்கம் சற்றுத் தாழ்ந்திருக்கும். பிறகு அடிப்பலகையின் கீழ்ப்பக்கத்தைப் பாருங்கள். அங்கே யாரும் சாயம் பூசியிருக்க மாட்டார்கள். காய்ந்து, பழுப்பும் சாம்பலும் கலந்த நிறத்தில் இருக்கும். வெளியில் இருக்கும் அதே கருஞ்சிவப்பு நிறம் அடியிலும், மூலையிலும், பூட்டுத் துளைக்குள்ளும் ஒரே சீராக இருந்தால் யாரோ அண்மையில் சாயம் அடித்திருக்கிறார்கள்.

கைப்பேசி விளக்கைப் பலகையோடு ஒட்டிச் சாய்வாகப் பிடியுங்கள். கை இழைப்புளி ஓடிய பலகையில் மெல்லிய அலை அலையான பள்ளங்கள் நிழலாகத் தெரியும். இயந்திரத்தில் இழைத்தது கண்ணாடித் தளமாக இருக்கும். வட்ட ரம்பத்தின் வளைந்த தடம் இருந்தால் உடனே புதியது என்று தள்ளிவிட வேண்டாம். பர்மாவில் நீராவி மர ஆலைகள் 19-ஆம் நூற்றாண்டிலேயே ஓடின.

திருகாணிகள் நல்ல சாட்சி. தலையில் ஒற்றைக் கோடு வெட்டிய திருகாணி பழையதாகவும் இருக்கலாம், புதியதாகவும் இருக்கலாம். கூட்டல் குறி வெட்டிய திருகாணி 1930-களில்தான் உலகச் சந்தைக்கே வந்தது. ‘நூற்றிருபது வருஷத்துச் சாமான்’ என்று சொல்லப்படும் அலமாரியின் கீல் எல்லாம் கூட்டல் குறித் திருகாணியில் நின்றால், ஒன்று கீல் மாறியிருக்கிறது, இல்லையென்றால் கதை மாறியிருக்கிறது. கழற்றிய பழைய கீலின் தடம் பக்கத்தில் இருக்கிறதா என்று பார்த்தால் எது என்று தெரிந்துவிடும். ஒட்டுப்பசையையும் பாருங்கள். பழைய தச்சர்கள் வச்சிரம் என்னும் விலங்குத்தோல் பசையைக் காய்ச்சி ஒட்டினார்கள். அது கரும்பழுப்பாகக் காய்ந்து, சுரண்டினால் நொறுங்கும். ஃபெவிகால் இந்தியச் சந்தைக்கு வந்தது 1959-இல்; அந்த வெள்ளைப் பசை தெரிந்தால் அது அதற்குப் பிந்திய வேலை.

தேக்கு குறுக்குவாட்டில் சுருங்கும், நெடுக்கில் சுருங்காது. அதனால் சட்டத்துக்குள் பொருத்திய கதவுப் பலகை காலப்போக்கில் ஒடுங்கி, விளிம்பில் பாலிஷ் ஏறாத ஒரு வெளிர் கோடு தெரியும். சிலர் இதைக் குறையென்று நினைத்து விலை பேசுகிறார்கள். எனக்கு அதைப் பார்த்தால் நம்பிக்கை வரும்.

இன்னொன்று இந்தச் சந்தையில் நிறைய நடக்கிறது: பழைய மரத்தில் செய்த புதிய சாமான். இடித்த வீட்டின் சன்னல் கதவுகளை எடுத்து முன்னால் வைத்து, உத்தரத்தை அறுத்து உடல் செய்து அலமாரியாக்குவார்கள். பொருத்தமில்லாத இடத்தில் அடைத்த துளைகள், கை படாத இடத்தில் தேய்மானம், வெளியே முதுமையும் உள்ளே புதுமையும் ஆகியவை இதன் அடையாளங்கள். அப்படிச் செய்வதில் தவறே இல்லை. நல்ல மரம் அடுப்புக்குப் போகாமல் பிழைக்கிறது. நேர்மையான வியாபாரிகள் கேட்டால் சொல்லிவிடுவார்கள். நீங்கள் வாய்விட்டுக் கேட்க வேண்டும்: ‘இது அப்படியே வந்ததா, இங்கே சேர்த்ததா?’

பூச்சி

உளுத்த மரம்தான் பெரிய பயம். பலகையில் குண்டூசித் தலை அளவுக்குத் துளைகள் இருப்பதால் மட்டும் ஒரு சாமானைக் கைவிட வேண்டாம். பூச்சி எப்போதோ போயிருக்கலாம். துளையின் உள்விளிம்பு கறுத்து அழுக்கேறியிருந்தால் பழையது. விளிம்பு வெளுத்து, கீழே அரிசி மாவு போன்ற மெல்லிய தூள் புதிதாகக் கொட்டியிருந்தால் உள்ளே பூச்சி இருக்கிறது. சந்தேகமாக இருந்தால் முன்பணம் கொடுத்துவிட்டு, சாமானைத் துடைத்து, அடியில் கறுப்புத் தாள் விரித்து ஒரு வாரம் வைக்கச் சொல்லுங்கள். தூள் விழுந்தால் தெரிந்துவிடும். இதற்கு ஒப்புக்கொள்ளாத கடையில் வாங்க அவசரப்பட வேண்டாம்.

தேக்கில் வைரம் பாய்ந்த நடுப்பகுதியைக் கரையானும் பூச்சியும் அவ்வளவாகத் தொடுவதில்லை. அவை தின்பது ஓரத்தில் இருக்கும் வெளிர்நிற ‘வெள்ளை’யை. எனவே பின்பலகை, தட்டுகளின் ஓரம், கால்களின் உட்புறம் ஆகிய இடங்களில் வெள்ளை விட்டிருக்கிறதா என்று பாருங்கள். கால்களை ஊசியால் குத்துங்கள். ஊசி தடையில்லாமல் இறங்கினால் அந்தக் கால் மாற்ற வேண்டியது. பலகையை விரலால் தட்டிக்கொண்டே போங்கள். கணீரென்று வந்த ஒலி ஓரிடத்தில் பொத்தென்று விழுந்தால் அங்கே உள்ளே கூடு.

பூச்சிக்கு மருந்து உண்டு. வெண்காரமும் போரிக் அமிலமும் கரைத்த கரைசலைக் கையுறை போட்டுக்கொண்டு பூசி ஊறவிடலாம். ஆனால் அது பூச்சு இல்லாத வெறும் மரத்தில்தான் இறங்கும், பாலிஷைத் தாண்டி இறங்காது. பாலிஷுக்கு முன்பே வாங்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். மண்ணெண்ணெய் ஊற்றுவது பலரும் செய்யும் வேலை; நாற்றமும் தீ அபாயமும் மிஞ்சும், பூச்சி திரும்பி வரும்.

மரம் எது?

பர்மா தேக்கு பொன்பழுப்பு நிறம், நேரான ரேகை, தொட்டால் லேசான எண்ணெய்ப் பசை, சுரண்டினால் தோல் மணம். மியான்மர் 2014 ஏப்ரலில் இருந்து முழு மரக்கட்டைகளை ஏற்றுமதி செய்வதை நிறுத்தியது. பழைய பலகைக்கு மதிப்புக் கூடியதில் அதற்கும் பங்குண்டு. பக்கப்பலகை 18 அங்குலம், 20 அங்குலம் அகலத்தில் ஒரே துண்டாக இருந்தால் அது பெரிய மரத்தில் அறுத்தது. அப்படிப்பட்ட பலகை இன்று எளிதில் கிடைக்காது. நாட்டுத் தேக்கில் கணுக்கள் கூடுதல், அதற்காக அது தாழ்ந்ததல்ல.

தோதகத்தி என்றும் ஈட்டி என்றும் சொல்லும் மரம் கருஊதா நிறத்தில் கறுப்புக் கோடுகளோடு, தேக்கைவிடக் கனமாக இருக்கும். ஏமாற்று அதிகம் நடப்பது இதில்தான். மட்டமான மரத்துக்குக் கருஞ்சாயம் அடித்து ஈட்டி என்பார்கள். மறைவான ஓரத்தில் நகத்தளவு சுரண்டிப் பார்க்க அனுமதி கேளுங்கள். உள்ளே வெளுத்தால் அது ஈட்டி இல்லை. பலா மரம் மஞ்சளாகத் தொடங்கி ஆண்டு ஏற ஏறச் செம்பழுப்பாகும். பெட்டிகளில் அதைப் பார்க்கலாம். விலை குறைவு, உறுதி குறைவில்லை.

பித்தளைப் பட்டைக்கும் கைப்பிடிக்கும் ஒரு சிறு காந்தம் போதும். காந்தம் ஒட்டினால் அது முலாம் பூசிய இரும்பு. கண்ணாடி பதித்த அலமாரியில் ரசம் போயிருந்தால் மாற்ற வேண்டாம் என்பது என் கட்சி. ஓரம் சரித்துத் தேய்த்த பழைய கண்ணாடி இருக்கும் அழகை இன்றைய கண்ணாடி தராது. பூட்டு இருந்து சாவி இல்லையென்றால் பூட்டை உடைக்காதீர்கள். கழற்றித் திண்டுக்கல்லுக்கு எடுத்துப் போங்கள். அந்த ஊர்ப் பூட்டு 2019-இல் புவிசார் குறியீடு பெற்றது. கை வேலை தெரிந்தவர்கள் அங்கே இன்னும் இருக்கிறார்கள்.

விலை, ரசீது, சட்டம்

விலை பேச ஓர் அளவுகோல் வேண்டும். அலமாரியில் எத்தனை கன அடி மரம் இருக்கிறது என்று தோராயமாகக் கணக்கிடுங்கள். ஆறடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஓர் அங்குலக் கனமுள்ள பலகை முக்கால் கன அடி. இப்படி எல்லாப் பலகைகளையும் கூட்டி, உங்கள் ஊர் மரக்கடையில் தேக்கின் கன அடி விலையைக் கேட்டு, தச்சுக்கூலியையும் சேர்த்தால் அதேபோல் புதிதாகச் செய்ய என்ன ஆகும் என்று தெரிந்துவிடும். கேட்கும் விலை அதற்குக் கீழே இருந்தால் பழமைக்கு நீங்கள் ஒன்றும் கொடுக்கவில்லை. மிக மேலே இருந்தால் எதற்காக என்று கடைக்காரர் காட்ட வேண்டும்: சிற்ப வேலையா, ஒற்றைப் பலகையா, அரிய வடிவமா? ‘அந்தக் காலத்து ஜமீன் வீட்டுச் சாமான்’ என்ற வார்த்தைக்கு மட்டும் பணம் கொடுக்காதீர்கள்.

ரசீதில் மரத்தின் பெயர், அளவு, ‘பழைய மரத்தில் புதிதாகச் செய்தது’ என்றால் அந்த வரி, எல்லாம் எழுதி வாங்குங்கள். வெளிநாட்டில் இருக்கிற உறவினருக்காக வாங்குகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி நூறாண்டைக் கடந்த கலைப்பொருள்களைத் தனியார் நாட்டுக்கு வெளியே அனுப்ப முடியாது. வயது குறைந்த பொருள் என்றால், அது தொல்பொருள் அல்ல என்ற சான்றிதழை இந்தியத் தொல்லியல் துறையிடம் பெறுங்கள். ஈட்டிக்கு அதற்கு மேல், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ‘சைட்டிஸ்’ உடன்படிக்கையின் கட்டுப்பாடும் உண்டு. 2017 முதல் அந்த மரத்தின் பேரினம் முழுவதும் அதன் பட்டியலில் இருக்கிறது.

அலமாரிக் கதவில் தெய்வ உருவங்கள் செதுக்கிய பலகையைப் பதித்து விற்பதைக் கண்டால் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். தேரிலும் கோயில் கதவிலும் இருந்து பெயர்த்த மரச் சிற்பம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அது நம் வரவேற்பறைக்கு உரியது அல்ல. தெளிவான பதில் இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

வீட்டுக்கு வந்தபின்

உலர்ந்த தேக்கு ஒரு கன அடி ஏறக்குறைய 18 கிலோ. எட்டு கன அடி மரமுள்ள அலமாரி 150 கிலோவை நெருங்கும். கிரீடம் (உச்சியில் நிற்கும் அலங்காரப் பகுதி), தட்டு, கதவு ஆகியவற்றைக் கழற்றித் தனித்தனியாகச் சுற்றச் சொல்லுங்கள். பழைய அலமாரிகள் பலவற்றில் கிரீடம் ஆப்பில்தான் நிற்கும், தட்டினால் வந்துவிடும். எது எங்கே என்று சுண்ணக்கட்டியால் எண் போட்டுப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பெயின்ட் அடித்த சாமான் என்றால் அதை உலர்வாக உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டாம். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம். வீட்டுப் பெயின்ட்டில் ஈயத்துக்குப் பத்து இலட்சத்தில் 90 பங்கு என்ற வரம்பு 2017 நவம்பரில்தான் இந்தியாவில் நடைமுறைக்கு வந்தது. ஈரத்தோடு, குழந்தைகள் இல்லாத இடத்தில், முகக்கவசத்தோடு அகற்றட்டும்.

பாலிஷ் வேண்டுமானால் ஸ்பிரிட்டில் அரக்கு கரைத்துப் பூசும் பிரெஞ்சு பாலிஷைக் கேளுங்கள். சூடான பாத்திரத்தைத் தாங்காது என்பது உண்மைதான், ஆனால் அலமாரிக்கு அந்தக் கவலை இல்லை; பின்னால் கெட்டுப்போன இடத்தை மட்டும் சரிசெய்ய முடியும். பளிங்குபோல் மின்னும் பூச்சுகளைப் போட்டால் அடுத்தமுறை முழுவதையும் சுரண்டித்தான் ஆக வேண்டும். நன்றாக இருக்கிற பழைய பாலிஷ் மேல் கைவைக்கவே வேண்டாம்: ஈரத்துணியால் துடைத்து, உலரவிட்டு, தேன்மெழுகைத் தேய்த்தால் போதும். தேங்காய் எண்ணெய் தடவினால் தூசி அப்பிக் கறுக்கும்.

சுவரிலிருந்து மூன்று அங்குலம் தள்ளி நிறுத்துங்கள். கால்களுக்கு அடியில் கருங்கல் துண்டு வைத்தால் தரை துடைக்கும் தண்ணீர் ஏறாது. குளிர்சாதனக் காற்று நேராகப் படும் இடம் வேண்டாம், பலகை வெடிக்கும். ஐப்பசி மழையில் இழுப்பறை இறுகினால் உடனே இழைப்புளி தேடாதீர்கள்; விளிம்பில் மெழுகுவத்தியைத் தேய்த்துவிட்டுத் தை மாதம் வரை பொறுங்கள், தானே தளரும். துணிக்கு வேப்பிலையும் கற்பூரமும் போடலாம். கைக்குழந்தையின் துணி இருக்கும் தட்டில் அந்துருண்டை போடக் கூடாது. சில குழந்தைகளின் இரத்தத்தை அது பாதிக்கும்.

சிறுவர்கள் இருக்கும் வீட்டில் உயரமான அலமாரியின் தலையைச் சுவரோடு ஒரு கொக்கியால் கட்டுங்கள். பெட்டகத்தின் மூடி கனமானது, சாய்த்தால் நிற்கும் சங்கிலி இல்லையென்றால் பொருத்துங்கள். மூடியவுடன் தானாகப் பூட்டிக்கொள்ளும் பெட்டகம் என்றால், உள்ளே குழந்தை ஒளிந்துகொண்டால் திறக்க வழியில்லை. வந்த அன்றே அந்தப் பூட்டின் நாக்கைக் கழற்றி, சாவியோடு சேர்த்து ஒரு துணிப்பையில் போட்டு எடுத்து வையுங்கள்.